மகள் மெருகேற்றிய துவக்கு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் நடந்த சம்பவம் இது. அப்போது நாங்கள் டூட்டிங்கில், ஒரு கடைக்கு மேலிருந்த இரண்டு அறை வீட்டில் குடியிருந்தோம். நான் பழைய ஆயுதங்களைத் திருத்தும் ஒரு சிறிய பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் லேத் வேலை பழகியவன். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து, பெற்றோல் ஷெட், உணவகச் சமையலறை என்று அலைந்து, ஒருவழியாகக் கைக்குத் தெரிந்த தொழில் கிடைத்த இடம் அது.

துப்பாக்கியை எங்கள் ஊரில் துவக்கு என்றுதான் சொல்வோம். நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும், நாங்கள் அரிசி, மிளகாய்த்தூள் வாங்குகிற கடைக்கார அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனி. இஞ்சை வந்தும் துவக்கைத்தானே துடைக்கிறாய்!" கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் முதல் சில மாதங்கள், ஒவ்வொரு துவக்கையும் தூக்கும் முன் வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டது உண்மை. இவை எல்லாம் செத்த துவக்குகள், இனி யாரையும் சுடாது என்று மனதுக்குச் சொல்லிச் சொல்லித்தான் பழகினேன்.

ஒரு பழைய ராணுவத் துவக்கு வந்தால், அதில் எது ஆதியில் இருந்தது, எது பிறகு மாற்றியது, நிலைமை எப்படி என்று பார்த்து எழுதிக் கொடுப்போம். உடலிலும், போல்ட் என்கிற பின்பக்கப் பூட்டிலும் அடித்திருக்கும் இலக்கங்கள் ஒத்துப்போகின்றனவா, திருகாணிகளின் தலை சிதைந்திருக்கிறதா, குழலுக்குள் எவ்வளவு துரு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தோளில் அண்டி வைக்கிற மரக்கட்டைக்குத்தான் அதிக நேரம் போகும். பலருக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. கட்டையிலுள்ள கீறல், அடிபட்ட பள்ளம், எண்ணெயும் கைவியர்வையும் ஊறிய கறுப்பு, இவையெல்லாம் குறைகள் அல்ல. அவை இருந்தால்தான் அது பழைய துவக்கு. அழகாக்குகிறேன் என்று சாண்ட் பேப்பரால் தேய்த்துவிட்டால் போனது போனதுதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு பெண்மணி தன் தகப்பனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தகப்பனார் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். பெண்மணியின் தோளில் கம்பளியில் சுற்றிய நீளமான பொதி ஒன்று இருந்தது.

விஷயத்தை மகள்தான் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் அவர்களுடைய வட்டாரத்தில் பையன்களுக்கு ராணுவப் பயிற்சி கொடுக்கும் மண்டபம் ஒன்று இருந்ததாம். அங்கே வைத்திருந்த பயிற்சித் துவக்கு இது. குழலில் துளையிட்டு, சுடவே முடியாதபடி ஆக்கியது. தகப்பனாரின் அண்ணன் இந்தத் துவக்கோடுதான் அணிவகுப்புப் பழகினார். பிறகு போருக்குப் போனவர், கப்பல் மூழ்கி இறந்துபோனார். உடலும் கிடைக்கவில்லை. பல வருடங்கள் கழித்து மண்டபத்தை மூடியபோது தம்பி போய்க் கேட்டு இதை வாங்கி வந்து வைத்துக்கொண்டார். இப்போது அந்த வட்டாரத்துச் சிறிய அருங்காட்சியகம் ஒன்று இதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் அந்த அண்ணனின் பெயரையும் எழுதி வைக்கச் சம்மதித்திருக்கிறது. அதற்கு முன் தகுந்தவர்களிடம் காட்டி ஒரு மதிப்பீடு எழுதி வாங்கி வரச் சொன்னார்களாம்.

"அப்பாவே இதை இன்னும் பார்க்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் ஒரு வேலை செய்து வைத்திருக்கிறேன்" என்று சிரித்தபடி கம்பளியை விலக்கினார்.

துவக்கு புது அலுமாரி மாதிரி மின்னியது. கட்டை முழுவதும் தேன் நிறத்தில் வார்னிஷ். ஒரு கீறல் இல்லை. மரமும் இரும்பும் சந்திக்கும் இடத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதில் மரம் நன்றாகத் தாழ்ந்திருந்தது. அவ்வளவு ஆழத்துக்குத் தேய்த்திருக்கிறார். துவக்குச் செய்த தொழிற்சாலைப் பரிசோதகர்கள் மரத்தில் அடித்த முத்திரை ஒன்றுகூட மிச்சமில்லை.

வேலை முடிந்து வந்து ஒவ்வொரு நாளும் கராஜில் நின்று தேய்த்தாராம். முதலில் முரடான தாள், பிறகு மெல்லியது, பிறகு அதைவிட மெல்லியது என்று ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனார்.

நான் தகப்பனாரைப் பார்த்தேன். அவர் ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டுக் குனிந்து, கட்டையின் இடது பக்கத்தில் ஓரிடத்தைப் பெருவிரலால் தடவினார். கொஞ்சம் தள்ளித் தடவினார். திரும்பவும் முதல் இடத்துக்கே வந்தார். இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

மகள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழகாக இருக்கிறது, மகளே" என்றார் அவர். "மிகவும் அழகாக இருக்கிறது." குரலில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

காரைத் தெருவில் நிறுத்தக் கூடாத இடத்தில் விட்டுவிட்டேன் என்று மகள் வெளியே ஓடினார். கதவு சாத்தியதும் தகப்பனார் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். பெருவிரலால் தடவிய இடத்தை எனக்குக் காட்டினார்.

அந்த இடத்தில் அண்ணன் தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை ஆணியால் கீறி வைத்திருந்தாராம். மண்டபத்துச் சொத்தைப் பழுதாக்கினான் என்று அவருக்குத் தண்டனை கிடைத்தது. அண்ணன் தண்டனை முடித்து வரும்வரை சின்னப் பையனான இவர் வெளிப்படியில் காத்திருந்தாராம். பிறகு லண்டனில் குண்டு விழுந்தபோது இவர்களுடைய வீடு எரிந்துவிட்டது. அண்ணனின் படம், உடுப்பு, புத்தகம் ஒன்றும் மிஞ்சவில்லை. "அவன் கை பட்டதென்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த இரண்டு எழுத்துதான்" என்றார். "மகளிடம் அதைக் காட்டியிருக்க வேண்டும். எனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன்."

பிறகு என்னைப் பார்த்து, "ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டார்.

ஒரு வழி இருந்தது. கூரான பொருளால் மரத்தை அழுத்தினால் அடியிலுள்ள நாரும் நசுங்கியிருக்கும். மேலே தேய்த்துவிட்டாலும், ஈரத்துணி போட்டுச் சூடு காட்டினால் நசுங்கிய நார் சிலவேளை உப்பி எழும். எழுத்து பள்ளமாக இல்லாமல் மேடாகத் தெரியும். முயன்று பார்க்கிறேன், உறுதி சொல்ல ஏலாது என்றேன். மகள் வந்ததும், சில பகுதிகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஒரு வாரம் இருக்கட்டும் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த இடத்து வார்னிஷை மட்டும் கவனமாக நீக்கினேன். ஈரத்துணியை வைத்து, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து வைத்து எடுத்தேன். ஆவி பறந்தது. மரம் கொஞ்சம் சொரசொரப்பானது. சாய்வாக வெளிச்சம் பிடித்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடுத்த நாளும் செய்தேன். ஒன்றும் எழும்பவில்லை. அந்தப் பெண் தன் வேலையை அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தார். கடைசியில் அந்த இடத்துக்கு அதே தேன் நிற வார்னிஷைப் பூசி, கை வைத்தது தெரியாதபடி ஆக்கினேன்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவளுடைய தம்பி ஊரில் ஷெல் விழுந்து இறந்தவன். அவர்களுடைய வீடும் எரிந்து, அவனுடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மகளுக்குச் சொல்லத்தானே வேணும். அவளுக்குத் தெரியாமல் இருக்கிறது சரியே?" என்றேன்.

"சொல்லி? அழிஞ்சது திரும்பி வருமே? அவள் ஆசையாச் செய்தவள். தெரிஞ்சால் சாகுமட்டும் அதை நினைச்சு நினைச்சு அழுவாள்." பிசைந்த சோற்றை ஒதுக்கி வைத்தாள். பிறகு, "அது சரி, அந்த மனிசன் இனி ஆரிட்டைச் சொல்லி அழுறது?" என்று கேட்டாள். அவள் சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தகப்பனார் முதலில் உள்ளே வந்தார். மகள் காரை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் விளங்கிக்கொண்டார். "மதிப்பீட்டில் என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டார். எங்கள் முதலாளி இந்த விஷயத்தில் மிகக் கண்டிப்பானவர். எழுதினால் உள்ளதை எழுது, இல்லாவிட்டால் எழுதாதே என்பார். கட்டையைத் தேய்த்து ஆதி மேற்பரப்பும் முத்திரைகளும் அடையாளங்களும் அழிந்துவிட்டன என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்று சொன்னேன்.

"அதை அவள் வாசிப்பாள்" என்றார்.

"ஓம்" என்று, எங்கள் ஊரில் ஆமாம் சொல்கிற மாதிரி, தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு அது விளங்கியிருக்கும்.

மகள் உள்ளே வந்ததும் தகப்பனார் முந்திக்கொண்டார். மதிப்பீடு தேவையில்லை, துவக்கை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்போவதில்லை, வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். மகள் முதலில் பகிடி என்று நினைத்தார். பிறகு முகம் சிவந்துவிட்டது.

"இத்தனை வருஷமும் நீங்கள்தானே சொன்னீர்கள், அவருடைய பெயர் எங்காவது ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று? நான் எத்தனை பேரிடம் போய்க் கதைத்து இதை ஒழுங்குபடுத்தினேன்? கை நோக நோகத் தேய்த்தேனே, எதற்காக? உங்களுக்கு எப்போதும் இப்படித்தான். கடைசி நேரத்தில் ஒரு பிடிவாதம்!"

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "கிழவனுக்கு மனம் மாறிவிட்டது. மன்னித்துக்கொள்" என்றார். அது மகளுக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது. தன்னலம் பிடித்தவர் என்றுகூடச் சொன்னார். அண்ணனின் பெயரை ஊர் பார்க்க வேண்டும் என்று ஆயுள் முழுவதும் ஆசைப்பட்ட மனிதர், அந்த ஆசையையும் விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்காகவே திட்டும் வாங்கிக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன். அவர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "தயவுசெய்து கதவைத் திறந்துவிடுகிறீர்களா?" என்றார். நான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

அதன்பிறகு அவர் தனியாகப் பஸ் ஏறி எங்கள் பட்டறைக்கு வரத் தொடங்கினார். ஒரு வேலையும் இருக்காது. நான் வேலை செய்வேன், அவர் கதிரையில் இருந்து கதைப்பார். அண்ணன் எப்படிச் சீட்டியடிப்பார், எந்தத் தெருவில் சைக்கிளோடு விழுந்தார் என்று எல்லாம் சொல்வார். சில நாள் கண் கலங்கும். மகளைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. "அவளுடைய உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்தது, கவனித்தீர்களா?" என்று மட்டும் பல தடவை கேட்டார். ஒருநாள் என் மனைவியின் தம்பியைப் பற்றி நானும் அவரிடம் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவனுடைய பெயரைக் கேட்டு, இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துச் சரியாக உச்சரிக்கப் பழகிக்கொண்டார்.

ஒரு குளிர்காலத்தோடு அவர் வருவது நின்றுவிட்டது.

அடுத்த வசந்தத்தில் மகள் மட்டும் வந்தார். அதே கம்பளி. தகப்பனார் காலமாகிவிட்டார் என்றார். கடைசி மாதங்களில் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருப்பாராம். "அவர் பிடித்துப் பிடித்து இந்த இடத்தில் வார்னிஷ் தேய்ந்துவிட்டது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது. இதை மட்டும் திரும்பவும் பளபளப்பாக்கித் தர முடியுமா?" என்று கேட்டார்.

இடது பக்கத்தில், ஒரு பெருவிரல் அளவுக்கு, மரம் மங்கிப் போயிருந்தது.

"வேண்டாம், அப்படியே விடுங்கள்" என்றேன். ஏன் என்று கேட்டார். உங்கள் அப்பாவின் கை பட்ட இடம் என்றேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார். "நான் செய்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லையோ?"

பொய் சொல்ல மனமில்லை, உண்மையைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. "உங்கள் கையில் கொப்புளம் போட்டிருந்ததாம். அதைப் பற்றி உங்கள் அப்பா என்னிடம் எத்தனையோ தரம் சொன்னார்" என்றேன். அந்தப் பெண் கம்பளியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுது முடிந்ததும் துவக்கைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் அவரை மறுபடி பார்க்கவில்லை.

சொல்லாமல் விட்டது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் என் பிள்ளைகள் ஆசையாக ஏதாவது செய்து, நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒன்றைத் தெரியாமல் கெடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும்போது, "நல்லாயிருக்கு" என்று குரல் நடுங்காமல் சொல்ல நானும் முயல்கிறேன். அந்த மனிதருக்கு வந்தது எனக்கு இன்னும் வரவில்லை.