முன் சக்கரத்துக்கு எது

சைக்கிள் குழுவில் அக்காவுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பிரேக். வளைவு வருவதற்கு ஒரு தெரு முன்னாலேயே பிரேக்கைப் பிடிக்கத் தொடங்கிவிடுவாள். அத்தானுக்கோ சைக்கிளில் பிரேக் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். இந்த இரண்டு பேரும் எப்படி ஒரே வீட்டில் குடும்பம் நடத்துகிறார்கள் என்று கேட்டால், டயரைத் தவிர வேறு எதற்கும் சண்டை இல்லை என்பாள். எனக்கு சைக்கிளும் ஆகாது, விடிகாலையும் ஆகாது. அதனால் நான் வேடிக்கை பார்ப்பதோடு சரி.

டயர்ச் சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. அத்தான் பழுப்பு ஓரம் வைத்த டயரின் கட்சி. மெல்லிசு, எடையே இருக்காது, மிதித்தால் பறக்கும். ஈர ரோட்டில் மட்டும் அதை நம்ப முடியாது. அக்கா முழுக் கறுப்பு டயரின் கட்சி. கொஞ்சம் மந்தம்தான், ஆனால் மழையிலும் ரோட்டை விடாது. அதற்கு அத்தான் வைத்த பெயர் டிராக்டர் டயர்.

"பின்னாடி எதை வேணா போட்டுக்குங்க. முன்னாடியாவது என்னோடத போடுங்க. பின் சக்கரம் வழுக்கினா சமாளிச்சிடலாம். முன் சக்கரம் வழுக்கினா நேரா தரைதான்" என்று அக்கா சாப்பாட்டு மேஜையிலேயே வகுப்பெடுப்பாள். அத்தான் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவார். டயரில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம், அதில் அச்சடித்த பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்ட வேண்டும் என்பது. பஞ்சரானால் ஓட்டையைத் தேட அது வசதியாம்.

போன மழைக்காலத்தில், மலையிலிருந்து இறங்கும்போது அத்தான் வளைவில் விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு. பொண்டாட்டி சொன்னதைக் கேட்டிருந்தால் மனிதன் இன்றைக்கு இருந்திருப்பான். அம்மா இன்னமும் போனில் "அந்த வழுக்கல் டயர்" என்று ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டாள். அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அழவும் இல்லை.

சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டாள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அறுப்பது அவள் வேலை. லென்ஸில் புள்ளி குத்தி, ஃபிரேமுக்குள் இம்மி பிசகாமல் உட்காரும்படி தேய்க்க வேண்டும். ஒரு லென்ஸ்கூடத் தப்பாகித் திரும்பி வரவில்லை என்று முதலாளி என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு அதைக் கேட்கவே பயமாக இருந்தது. என்ன சாப்பிடுகிறாய் என்றால் "எதுவா இருந்தா என்ன." ஃபேன் போடவா, விளக்கை அணைக்கவா, எதற்கும் அதே பதில்தான்.

அப்படி இருந்தவள் திடீரென்று, ஞாயிற்றுக்கிழமை குழு அதே மலைக்குப் போகிறது, நானும் போகிறேன் என்றாள். சும்மாவே நின்றதில் அவளுடைய சைக்கிள் டயர்கள் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தன. கடைக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன்.

கடைக்காரர் பழுப்பையும் கறுப்பையும் மேஜையில் எடுத்து வைத்தார். முன்பென்றால் பழுப்பைக் கையால் தொடக்கூட மாட்டாள். இப்போது இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எதுவா இருந்தா என்ன" என்றாள் கடைசியில். "ரெண்டுலயும் ஒண்ணு குடுங்க."

அதே இறக்கம், அதே வளைவு. திரும்பி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று நினைத்துவிட்டாளோ?

வீட்டுக்கு வந்ததும் பின்கட்டு அறையில் உட்கார்ந்து இரண்டு சக்கரங்களையும் கழற்றினாள். முன் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு, எடுத்ததே பழுப்பு டயரைத்தான். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? அத்தான் எப்படி போனார்னு மறந்துட்டியா?"

"எப்படி போனார்?"

"இந்த எழவு டயராலதான்!"

அவள் எழுந்துபோய், மூலையில் போர்த்தி வைத்திருந்த துணியை இழுத்தாள். அத்தானின் சைக்கிள். போலீஸ் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அதை அவளைத் தவிர யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, நான் உட்பட. ஹேண்டில்பார் கோணிப்போயிருந்தது. முன் சக்கரத்தில் இருந்தது கறுப்பு டயர்.

"எனக்குன்னு வாங்கி வச்ச புதுசு. அன்னிக்கு நான் எழுந்திருக்கறதுக்குள்ள மாட்டிட்டு போயிருக்கார். அவசரத்த பாரு, பேரு வால்வுக்கு நேரா இல்ல. சக்கரம் எந்தப் பக்கம் சுத்தணும்னு காட்டற அம்புக்குறிகூட பின்பக்கமா திரும்பியிருக்கு."

"அப்ப எப்படி...?"

"ரோட்டுல எண்ணெய் கொட்டிக் கெடந்துச்சுன்னு போலீஸ்காரர் அன்னிக்கே சொன்னாரு. யாரு காதுல வாங்கினீங்க? எண்ணெயில எந்த டயர்டா நிக்கும்?"

"ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"இந்த சைக்கிள் வீட்டுக்கு வர்ற வரைக்கும் நானும் அவர் மேல கோவமாத்தான் இருந்தேன். இத பாத்தப்புறம் யார் மேல கோவப்படறதுன்னு தெரியல. எதுவுமே தோணல. சரி, அம்மாவாவது கோவப்பட்டுக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். பழுப்பு டயரைக் கையில் எடுத்தாள், ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு அதைப் பின் சக்கரத்துப் பக்கம் தள்ளிவிட்டுக் கறுப்பை எடுத்தாள்.

"நான் சொன்னத அந்த மனுஷனே ஒரு தடவ கேட்டுட்டார். நான் கேக்க வேண்டாமா?"

டயரை விரலாலேயே அமுக்கி அமுக்கி மாட்டினாள். பெயரை வால்வுக்கு நேராகக் கொண்டுவந்தாள். காற்றடிக்கச் சொன்னாள், அடித்தேன். சக்கரத்தைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள்.

"அம்புக்குறி முன்பக்கம்தானே இருக்கு? பாத்து சொல்லு."

இம்மி பிசகாமல் லென்ஸ் அறுக்கிறவளுக்கு இது தெரியவில்லையா என்று நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் கண் இரண்டும் நிறைந்திருந்தன.

"முன்பக்கம்தான்க்கா" என்றேன்.