முந்தின பக்கத்து மூஞ்சி

மிண்டா என்கிற லுஸ்விமிண்டாவுக்கும், கேப்டன் என்று எல்லோரும் அழைக்கும் ஊர்த்தலைவர் அனிசெட்டோவுக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் சமார் தீவின் அந்தக் கடலோர ஊரில் பாலர் பள்ளி டீச்சராக அவள் நீடிக்க, வருஷா வருஷம் அவர் கையெழுத்து வேண்டும். பதினாலு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அதை வாங்கி வந்தாள். நாலு வயசுப் பிள்ளை ஒன்று "ஏன் டீச்சர்?" என்று கேட்டால் போதும், அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம்.

படப் புத்தகம் கேட்டு எட்டு முறை மனுக் கொடுத்தாள். "படம் பாக்கவா பள்ளிக்கூடம்? கைதட்டிப் பாட்டுச் சொல்லிக் குடு, போதும்" என்று அனுப்பிவிட்டார் அந்த மகராசன். தன் சண்டைச் சேவல்களுக்குக் கொட்டகை போட ஓடையையே மண் கொட்டி மூடியவர் அவர். அதற்கு மட்டும் காசு எங்கிருந்து முளைத்ததோ. ஓடை மூடிய நாளிலிருந்து ஒரு தூறல் போட்டாலே பள்ளிக்குள் முழங்கால் தண்ணீர்.

தேர்தல் முடிந்தால் அந்த ஊரில் பிளெக்ஸ் வீணாகாது. கோழிக்கூட்டுக்குக் கூரை, பன்றிக்கு மறைப்பு, எங்கு பார்த்தாலும் கேப்டனின் சிரிப்புதான். மிண்டாவும் நாலு பிளெக்ஸ் கொண்டுவந்து வெட்டி, பின்பக்க வெள்ளையில் படம் வரைந்து புத்தகமாகத் தைத்துவிட்டாள். ஒரு தாளில் வாழைப்பழத் தோல், அடுத்த தாளில் வழுக்கி விழுந்த கிழவர். ஒரு தாளில் ஓடையில் கொட்டிய மண், அடுத்ததில் வீட்டுக்குள் வெள்ளம். மண்ணைக் கொட்டிய ஆளை வரைய மட்டும் அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"என்ன நடந்தாலும் காரணம் முந்தின பக்கத்துல இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாள். தாளைப் புரட்டினால் அதன் முதுகில் பல்லைக் காட்டுவது யார் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. பிளெக்ஸிலேயே உண்டு உறங்கும் ஊரில் அந்த முகம் யார் கண்ணிலும் படுவதில்லை. பிள்ளைகள் கண்ணில் பட்டது.

கையெழுத்துப் போடும் நாளில் நகரத்து நலத்துறை மேடம் வந்திருந்தார். பக்கத்திலேயே கேப்டன். மிண்டா வெள்ளப் படத்தைப் புரட்டி, "வீட்டுக்குள்ள தண்ணி ஏன் வந்துச்சு?" என்றாள்.

முன்வரிசை டெலியா முந்தின பக்கத்துச் சிரிப்பைப் பார்த்தாள். "கேப்டனால."

"கிழவர் ஏன் விழுந்தாரு?" என்று மேடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"அதுவும் கேப்டனால" என்றன இருபது வாய்களும்.

அனிசெட்டோவின் காது சிவந்தது. "எதிர்க்கட்சிக்காரன் எவ்வளவு குடுத்தான் உனக்கு? என் மூஞ்சியையே கிழிச்சு என்னையே நாறடிக்கிறியா? நான் காரணமில்லன்னு இப்பவே சொல்லு. இல்லன்னா இந்தப் பேனாவ மூடிட்டுப் போயிட்டே இருப்பேன்."

மிண்டாவின் பதினாலு வருஷம் அந்தப் பேனா முனையில் தொங்கியது.

"பசங்களா, தப்பு என் மேலதான். இந்த மூஞ்சியப் பாக்கக் கூடாது" என்று ஒரு தாளைப் பின்னால் புரட்டினாள். "முந்தின படம் இது. தண்ணி வந்ததுக்குக் காரணம் இந்த மண்ணு."

கேப்டன் பேனாவைத் திறந்தார்.

"மண்ணை யாரு கொட்டுனா டீச்சர்?" என்றாள் டெலியா.

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். மிண்டா அவரைப் பார்த்தாள்; அவரும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காதே என்று எந்தப் பிள்ளையிடமும் இதுவரை அவள் சொன்னதில்லை.

"இவருதான் கொட்டுனாரு. இவரு சேவலுக்கு" என்றாள்.

பேனா மூடியது. மேடம் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே.

அடுத்த திங்களன்று கேப்டனின் தங்கை மகள் டீச்சராக வந்தாள். மாமா படம் போட்ட காலண்டரைச் சுவரில் மாட்டி, பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னாள். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "மிண்டா டீச்சர் ஏன் வரல?" என்று கேட்டான்.

கைதட்டல் நின்றது. இருபது விரல்கள் காலண்டரைக் காட்டின.