மஸ்டரில் இல்லாத பெண்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் வேலை பார்த்துக்கொண்டே படித்துப் பட்டம் வாங்கியவள் நான். பிறகு ஓர் ஆய்வில் வேலை கிடைத்தது. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். சீட்டுக் குலுக்கிச் சில கம்பெனிகளில் மட்டும் முகாம் நடத்தினோம். முகாம் நடந்த கம்பெனிகள், நடக்காத கம்பெனிகள் என இரு பக்கமும், முதல் நாள் பெயர் கொடுத்த அத்தனை பெண்களையும் கடைசிவரை விசாரிப்பதாக ஏற்பாடு.

முடிவில், முகாம் இல்லாத பக்கம் அந்த நோயால் சில சாவுகள்; முகாம் நடந்த பக்கம் ஒன்றுகூட இல்லை. ஆய்வை நடத்திய டாக்டர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார். நானும் நன்றாகச் சாப்பிட்டேன். அப்புறம்தான் பட்டியலைப் பார்த்தேன்.

முகாம் இல்லாத பக்கம் வீடு வீடாகப் போய் விசாரித்திருந்தோம். முகாம் நடந்த பக்கமோ, கம்பெனியின் வருகைப் பதிவேடான மஸ்டரைப் பார்த்து, அதில் இல்லாதவர்களை நீக்கி, வருடாவருடம் பட்டியலைத் 'திருத்தி' வைத்திருந்தார்கள். தொடர்ந்து லீவு போட்டால் எங்கள் ஊர் மஸ்டரில் பெயரை அடித்துவிடுவார்கள். உடம்புக்கு முடியாதவள் பெயர்தான் முதலில் போகும். மெஷினில் உட்கார்ந்தவளுக்கு இது தெரியும், டாக்டருக்குத் தெரியவில்லை. சுமாராகப் படிக்கும் பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டும் பள்ளிக்கூடத்தைப் போல ஆகியிருந்தது எங்கள் ஆய்வு. எனக்கு ஆத்திரம் பொங்கியது.

பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நாட்றம்பள்ளியில் ஒரு பெண்ணின் கணவர் வாசலிலேயே நின்று அவள் இறந்ததைச் சொன்னார்.

"ரம்ஜானுக்கு முன்னாடியே மவுத்தாய்ட்டாம்மா. முகாம்ல ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் கட்டி ஜாஸ்தியாய்டுச்சு, வேலைக்குப் போவ முடியல. கம்பெனில பேர எடுத்துட்டாங்க. உங்க நோட்டுலயாவது இருக்குதா?"

"இருக்கு பாய்," என்றேன். என் கையிலிருந்த பழைய பட்டியலில்தான் இருந்தது. அறிக்கையில் இல்லை.

இன்னும் சில வீடுகளிலும் இதே கதைதான். எல்லாவற்றையும் எழுதி டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார்.

"இவங்களச் சேத்தா முகாமால பிரயோஜனம் இல்லன்னு வரும்மா."

"வரட்டும் சார். பிரயோஜனம் இருக்குதா இல்லையான்னு பாக்கத்தான வந்தோம்?"

"பிடிவாதம் பிடிச்சா அடுத்த வருஷம் உன்ன வச்சுக்க முடியாது."

வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.  ஆனாலும் காகிதத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

"அப்ப என் பேர அடிச்சிடுங்க சார்," என்றேன். "அவங்க பேர்ல கை வைக்காதீங்க."