பக்கத்து வீட்டுக்காரர்

சுவா ஊருக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த எஸ்டேட் கைமாறியபோது அங்கிருந்த செம்பனை எண்ணெய் ஆலையை மூடிவிட்டார்கள். அங்கே இருபத்திரண்டு வருடம் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவன் நான். முதல் வருடம் பல இடங்களில் வேலை கேட்டு அலைந்தேன். "வயசு ஐம்பதாகப் போகுதுலா அண்ணே" என்றார்கள். இரண்டாம் வருடம் கேட்பதையே விட்டேன். கல்யாண வீடுகளுக்குப் போவதும் நின்றது. "இப்ப எங்க வேலை?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று, ஆள் இல்லாத மத்தியான நேரத்தில்தான் கடைக்குப் போவேன்.

மனைவி போர்டிக்சனில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்யப் போனாள். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், "வேணாங்க, பஸ் இருக்கு" என்பாள்.

ஒருநாள் சர்க்கரை மாத்திரையை மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போனேன். ஹோட்டலின் பின்வாசலில், கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு நின்றிருந்தாள்.

"யாருக்கா இவரு?" ஒருத்தி கேட்டாள்.

மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை. "பக்கத்து வீட்டுக்காரரு."

மாத்திரையை நீட்டி, "மறந்துட்டீங்கக்கா" என்றேன். என் வாயில் அது எப்படி வந்ததென்று இன்றும் தெரியவில்லை.

சாயங்காலம் அவளே சொன்னாள். "வீட்டுக்காரரு என்ன செய்றாருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சிங்கப்பூர்ல வேலைன்னு சொல்லிட்டேன்."

"என்ன வேலையாம் எனக்கு?"

"கப்பல் பட்டறையில சூப்பர்வைசர்."

"எப்ப லீவாம்?"

"தீபாவளிக்கு" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

தீபாவளியன்று அந்தப் பெண்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. காலையிலேயே கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தை நானே கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். கார் சத்தம் கேட்டதும் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"அண்ணன் வரலையாக்கா?"

"லீவு கிடைக்கல."

"நல்ல நாள்லகூட விடமாட்டாங்களா? பாவம்லா."

மனைவி அழுதுவிட்டாள். "அழாதீங்கக்கா, அடுத்த மாசம் வந்துருவாரு" என்று அவர்கள் தேற்றினார்கள். நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். வெளியே போனால் அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். அடுப்பில் கறி அடிப்பிடிக்கும் வாடை வந்தது. தீயை அணைத்துவிட்டு, அவர்கள் போகும்வரை தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த தைப்பூசத்துக்குள் அவள் அந்த வேலையை விட்டுவிட்டாள். இப்போது ரந்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். எனக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. அந்தக் கடையில் என்னைப் பற்றி என்ன சொல்லி வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.