லாசால் குசினியில் தாய்லாந்துத் தேர்தல்

பிறநாட்டுச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போகிறவன், அந்த நாட்டு அரசியலையும் சேர்த்துத்தான் கழுவ வேண்டும். குசினிகளில் கை வெந்த சகோதரங்களே, உங்களுக்கு இது புதிதில்லை.

நான் வேலை செய்தது கியூபெக் மாகாணத்து லாசாலில் ஒரு தாய்லாந்துக் கடையில். முதலாளி சோம்சாய், அந்த நாட்டின் வடகிழக்கில் நெல் விதைக்கும் ஒரு கமக்காரரின் மகன். மனைவி நொய் அக்கா பாங்கொக் நகரத்துக்காரி. சமையல் அவ பொறுப்பு. நாட்டுப்புறத்துச் சனம் கொண்டாடிய பிரதமரென்றால் சோம்சாய்க்கு உயிர். அவர் பெயரைக் கேட்டாலே அவவின் கத்தி வேகமாக வெட்டும். நடுவில் நின்று நான் வெங்காயம் உரித்தேன். அவர்கள் கதைத்தது அரைகுறை இங்கிலிஷ். எங்கள் தமிழில் தருகிறேன்.

தாங்கி வந்த மத்தியானம்

இரண்டாயிரத்து ஆறு. மத்தியானச் சனம் வரத் தொடங்கிய நேரம், தொலைக்காட்சியில் பாங்கொக் தெருவெல்லாம் யுத்தத் தாங்கிகள். ராணுவம் பிரதமரை இறக்கிவிட்டது. நொய் அக்கா கைதட்டினா. சோம்சாய் எறிந்த அகப்பை என் காதடியால் போய்ச் சோற்றுப் பானைக்குள் விழுந்தது. குண்டுக்குப் பதுங்கிய அனுபவம் எனக்கு ஊரிலேயே உண்டு. அகப்பைக்குப் பதுங்கியது அன்றுதான்.

நாளாந்தம் வரும் ஓய்வுபெற்ற கியூபெக் தபால்காரர் ஒருவர் குசினிக்குள் தலையை நீட்டினார். "ராணுவம் பிடிச்சிட்டுதாம், பார்த்தன். பாட் தாய் நூடில்ஸ் இருக்கும்தானே?"

வென்றவரும் தோற்றவரும்

அடுத்த வருஷக் கடைசியில் தேர்தல் வைத்தார்கள். இறக்கப்பட்டவரின் ஆட்களே வென்றார்கள். சோம்சாய் வந்தவர்களுக்கெல்லாம் மாம்பழமும் ஒட்டரிசிச் சோறும் இலவசமாகக் கொடுத்தார். நொய் அக்கா கறிக்குள் மிளகாயை அள்ளி அள்ளிப் போட்டா.

"அக்கா, மிளகாய் காணும், போதும்" என்றேன்.

"வாக்குப் போட்டவை சாப்பிடட்டும்."

லாசாலில் ஒருத்தரும் வாக்குப் போடவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹெயிற்றி நாட்டுத் தாதி ஒருத்தி, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "வென்றவர் வெளியில பழம் குடுக்கிறார். தோற்றவர் குசினிக்குள்ள நிற்கிறார் போல?"

சட்டை

பேந்து தாய்லாந்தில் சனம் சட்டை நிறத்தில் பிரிந்தது. பிரதமருக்கு எதிரானவர்கள் மஞ்சள், ஆதரவானவர்கள் சிவப்பு. நொய் அக்கா எனக்கு மஞ்சள் சட்டை வாங்கித் தந்தா. சோம்சாய் சிவப்பு ஏப்ரன் வாங்கித் தந்தார். வேலை முக்கியம், இரண்டையும் போட்டேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் என் பக்கத்து வீட்டுப் பெடியன் சாப்பாடு எடுக்க வந்தவன் ஏற இறங்கப் பார்த்தான். "அண்ணை, எப்ப பர்கர் கடைக்கு மாறினனீங்கள்?"

பூட்டின விமான நிலையம்

இரண்டாயிரத்து எட்டில் நொய் அக்கா தாயின் கண் ஒப்பரேஷனுக்குப் பாங்கொக் போனா. திரும்பும் நேரம் மஞ்சள் சட்டைக்காரர் விமான நிலையத்தைப் பிடித்துப் பூட்டிவிட்டார்கள். அவவின் ஆட்கள்தான்! சோம்சாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு அவவின் போன் எடுபடவில்லை. சிரிப்பு நின்றது. தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்து, மஞ்சள் கூட்டத்துக்குள் ஒவ்வொரு முகமாகத் தேடினார். "அவ சத்தம் போட்டுக் கதைக்கிறவ. ஆரும் அடிச்சுப்போட்டினமோ தெரியாது" என்றார். அந்த நாட்களில் தாய்லாந்துப் பச்சைக் கறியும் நான்தான் வைத்தேன், எனக்குத் தெரிந்த விதத்தில்.

ஒரு வழியாக நொய் அக்கா வேறொரு விமானத்தளத்தால் ஏறி வந்து சேர்ந்தா. பெட்டியோடு நேரே கடைக்கு வந்தவவை வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதார் சோம்சாய். "உன்ரை ஆக்கள்தானே, உன்னையாவது விட்டிருக்கலாமே?" என்று அழுகைக்குள்ளும் கேட்டார். அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் வந்து பானையைத் திறந்து, ஒரு கரண்டி ருசி பார்த்தா.

"பச்சைக் கறிக்குள்ள ஆர் பெருஞ்சீரகம் போட்டது? நான் இல்லாத நேரம் பார்த்து இங்கையும் ஆட்சியைக் கவிட்டுப்போட்டியள்!"

சொந்த நாட்டு அரசியலுக்குத் தப்பி ஓடி வந்தவனுக்கு இன்னொரு நாட்டு அரசியல் சம்பளத்தோடு கிடைத்தால், அதற்குப் பெயர்தான் வேலைவாய்ப்பு.