சாயங்காலம் மட்டும் திறக்கும் கிளினிக்

டாக்டர், என் மகளின் பார்வை போனதற்கு நீங்கள்தான் காரணம். கட்டி வந்ததற்கு உங்களைச் சொல்லவில்லை. அது எந்தப் பிள்ளைக்கும் வரலாம் என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பார்வை போனதற்கு நீங்கள்தான்.

வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனிக்கு எதிரே உங்கள் கிளினிக். சாயங்காலம் மட்டும் திறப்பீர்கள். எங்களுக்கும் அப்போதுதான் ஷிப்ட் முடியும். தெற்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள்; நான் ஓவர்லாக் டெய்லர், மனைவி செக்கிங். காலையில் லீவு கேட்டால் ஷிப்மென்ட் இருக்கிறது என்பார்கள். அதனால் எங்கள் பிள்ளைகளை டாக்டர் பார்ப்பதே இருட்டிய பிறகுதான்.

மகளுக்கு நோய் காலையில் வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை, கண் விழித்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். வெறும் வயிற்றில் வாந்தி எடுப்பாள். எடுத்த பிறகு தேறிவிடுவாள். சாயங்காலம் உங்கள் முன்னால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீங்கள் வயிற்றை அமுக்கிப் பார்ப்பீர்கள்.

“ஒன்னுமில்லீங்க. சாயத்தண்ணி ஊருங்க இது. தெக்கத்தி வயித்துக்குச் சேரலீங்க.”

சாயப்பட்டறைக் கழிவு தண்ணீரில் கலந்த இந்த ஊரில் அதற்கு மறுபேச்சு கிடையாது. முடி கொட்டினாலும் சாயத்தண்ணி, உடம்பு அரித்தாலும் சாயத்தண்ணி. நாங்களும் நம்பிக் கேன் தண்ணீருக்கு மாறினோம். வாந்தி நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தோம். கடைசியில் நீங்கள் அவளிடமே கேட்டீர்கள்.

“ஏங்கண்ணு, வீட்டுப்பாடம் எழுதலைன்னா இப்படி ஒரு நடிப்பா?”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

என் மனைவி போனை நீட்டினாள். அன்று காலையில் எடுத்த வீடியோ. தலையை ஒரு பக்கம் சாய்த்து, சுவரைப் பிடித்தபடி, குடிகாரனைப் போலத் தள்ளாடி நடக்கிறாள் மகள்.

“டாக்டர், இப்பப் பாத்தா தெரியாது. காலையில எப்படி நடக்கான்னு ஒருதரம் பாருங்க.”

“வாந்தியெல்லாம் எதுக்குங்க படம் புடிக்கறீங்க? அடுத்தவங்களுக்கு வழி உடுங்க.”

பெல்லை அடித்தீர்கள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு பள்ளியில் கரும்பலகை இரண்டாகத் தெரிகிறது என்றாள். கண்ணாடி போட்டால் சரியாகும் என்று பல்லடம் ரோட்டில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். அவர் விளக்கை வைத்துக் கண்ணுக்குள் பார்த்தார். வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கண்ணாடி எழுதவில்லை. கண் நரம்பு வீங்கியிருக்கிறது, தலைக்குள் அழுத்தம், இப்போதே கோயம்புத்தூர் போங்கள் என்றார்.

ஸ்கேனில் பின்மூளையில் கட்டி. அது நீர் வடியும் வழியை அடைத்து, மூளைக்குள் நீர் தேங்கியிருந்தது. ராத்திரி முழுக்கப் படுத்திருந்தால் அழுத்தம் கூடும், அதனால்தான் காலையில் வாந்தி என்று ஆபரேஷன் செய்த டாக்டர் விளக்கினார். காலையில் தலைவலி, வாந்தி, அதோடு தள்ளாட்டமும் இருந்தால் உடனே தலையைப் பார்க்க வேண்டாமா, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று எங்களைத்தான் கேட்டார். கிளினிக்குக்குப் போனோம் என்று மட்டும் என் மனைவி சொன்னாள்.

கட்டியை எடுத்தார்கள். மறுநாள் மகள் விழித்தாள். இங்கேயே வளர்ந்தவள், பேச்செல்லாம் இந்த ஊர்ப் பேச்சு.

“அப்பா, கண்ணுக் கட்டை எப்பங்கப்பா அவுப்பாங்க?”

கட்டு பின்தலையில் இருந்தது. கண்ணில் எதுவும் இல்லை. அவளே கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, தலை அசையாமலிருக்க அவள் முகத்தின் மேல் வலைபோன்ற மூடி போட்டு மேசையோடு இறுக்கி, தனியாக விட்டுவிட்டு வெளியே வருவார்கள். ஏற்கெனவே இருட்டில் இருக்கும் பிள்ளை. கதவுக்கு வெளியே நின்றால் அவள் குரல் கேட்கும். உயிர் இருக்கிறது. வெகுநாள் அழுத்தத்தில் கண் நரம்பு பட்டுப்போய்விட்டது, முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம், இனிப் பார்வை திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் எங்கள் கம்பெனி மருத்துவ முகாமில் உங்களுக்குச் சால்வை போட்டார்கள். தாய் தகப்பன்மார் பிள்ளைகளை அசட்டையாக விடக் கூடாது என்று மைக்கில் பேசினீர்கள். நான் எழுந்தேன். சூப்பர்வைசர் தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

அடுத்த முகாமுக்கும் வருவீர்கள். அதே மைக்கைப் பிடித்து, அதே டெய்லர்கள் முன்னால் சொல்லுங்கள், டாக்டர். அந்த வீடியோவை ஏன் பார்க்கவில்லை?