கூடப் பாடியவள்

எனக்குப் பாட வராது. மூக்கால் பேசுகிற குரல். ஆனால் ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் போதும், வரிகள் எல்லாம் மனதில் நின்றுவிடும். என் தோழிக்கு நேர்மாறு. அப்படி ஒரு குரல் அவளுக்கு. வரிகள்தான் பாதியில் கைவிட்டுவிடும்.

கேரளத்தில் உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் பதினெட்டு வருஷமாக நாங்கள் இருவரும் அடுத்தடுத்த செடியில் உட்கார்ந்து காய் எடுக்கிறோம். இருவருமே தேனிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு மலையேறியவர்கள். தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

ஏலக்காய் தலைக்கு மேலே காய்ப்பதில்லை. செடியின் அடியில், தரையோடு படர்ந்து கிடக்கும் சரங்களில் காய்க்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து, இலையை விலக்கி, முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் முதுகில் பிளாஸ்டிக் தாள், காலில் அட்டை. பத்து மணிக்கு மேல் இடுப்பு கழன்று விழுவது போல இருக்கும். அப்போது அவள் பாட ஆரம்பிப்பாள். பழைய சினிமாப் பாட்டுதான். முதல் சரணத்தோடு அவளுக்கு ஞாபகம் நின்றுவிடும். என் பக்கம் திரும்பாமலே, "அடுத்து என்னடி?" என்பாள். நான் வரியைச் சொல்வேன். அவள் அதை எடுத்துக்கொண்டு போவாள்.

"நீ இல்லன்னா எனக்குப் பாட்டே இல்லடி" என்று ஒருமுறை சொன்னாள். சும்மா சொன்னதுதான். நான் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஜூன் மழை பிடித்த சமயம், ஜார்க்கண்டிலிருந்து ஏழெட்டுப் பேர் வேலைக்கு வந்தார்கள். எங்கள் ஊரில் வடக்கே இருந்து யார் வந்தாலும் ஒன்று பெங்காலி, இல்லையென்றால் ஹிந்திக்காரர். அதில் ஒரு பெண்ணை எங்கள் வரிசையில் விட்டார்கள். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். புறங்கையில் பச்சை குத்தியிருந்தாள். தமிழில் 'போதும்', 'தண்ணி', 'வலிக்குது' என்ற மூன்று சொற்கள் தெரியும்.

வந்த நாலாம் நாள் என் தோழி பாடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் கூடவே முனகினாள். வார்த்தை இல்லை, வெறும் ராகம். என் தோழி பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "ஏய், நல்லா வருதே ஒனக்கு. பாடு, பாடு" என்று கையைக் காட்டினாள். அந்தப் பெண் தன் ஊர்ப் பாட்டு ஒன்றை எடுத்தாள். ஒரு அடி ஏறும், ஒரு அடி இறங்கும். அவள் ஏற்றினாள். நாலைந்து தடவை கேட்டுவிட்டு என் தோழி இறக்கினாள். என்ன சொல் அது என்று இவளுக்குத் தெரியாது. வாயில் வந்ததைப் போட்டுப் பாடினாள். வரிசையில் இருந்த எல்லாரும் கை ஓடக் காய் எடுத்தார்கள். மதியச் சங்கு ஊதியதே யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு மட்டும் தெரிந்தது.

அதன்பிறகு "அடுத்து என்னடி?" என்ற கேள்வி குறைந்தது. இரண்டே வாரத்தில் நின்றேபோனது. சொல் தேவையில்லாத பாட்டுக்கு நான் எதற்கு? சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் உட்காரும் பலகையில் இருவருக்குத்தான் இடம். ஒருநாள் நான் கை கழுவிவிட்டு வரும்போது என் இடத்தில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். என் தோழி அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். "இங்கிட்டு வாடி, இந்தக் கல்லு மேல ஒக்காரு" என்று என்னைக் கூப்பிட்டாள். உட்கார்ந்தேன். கல் நனைந்திருந்தது.

இதை வீட்டுக்காரரிடம் சொல்லவும் முடியாது. என்னவென்று சொல்வது? என் சிநேகிதி வேறொருத்தியோடு பாடுகிறாள் என்றா? நாற்பத்துமூன்று வயதில்? ராத்திரிச் சோறு வடிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் என் தோழி அந்த ஜார்க்கண்ட் பாட்டை முனகுவது கேட்கும். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் சூப்பர்வைசரிடம் போனேன். "சார், அந்த ஹிந்திக்காரி பாடிக்கிட்டே கண்டதையும் பறிக்கிறா. பச்சக்காயா வருது. மத்தவங்க வேலையும் கெடுது" என்றேன். முற்றாத பச்சைக்காய் எல்லார் பையிலும் கொஞ்சம் கிடக்கும். அந்த வாரம் என் பையில்தான் அதிகம் கிடந்தது. என் கண் காயில் இல்லை.

அவர் மலையாளி. நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "செரி, ஞான் பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் காலையில் அவளை மேல்காட்டுக்கு அனுப்பிவிட்டார். பூச்சிமருந்தடிக்கும் ஆட்களுக்குத் தண்ணீர் சுமந்து கலக்கிக் கொடுக்கும் வேலை.

நான் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். என் தோழி பாடவே இல்லை. நானாக ஒரு பாட்டின் முதல் வரியைச் சொன்னேன். "தொண்ட சரியில்லடி" என்றாள். அடுத்த நாளும் அதையே சொன்னாள். வரிசையே ஊமையாக உட்கார்ந்து காய் எடுத்தது. மழை இலையில் விழும் சத்தம் மட்டும்தான்.

ஐந்தாறு நாள் கழித்து, மேல்காட்டிலிருந்து அந்தப் பெண் இறங்கி வருவதை ஜீப் நிற்கும் இடத்தில் பார்த்தேன். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. சேலையெல்லாம் மருந்து வாடை. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். என் தோழி ஓடிப்போய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். வாய் கொப்பளித்துவிட்டு அவள், "போதும்" என்றாள். தண்ணீரைச் சொன்னாளா, வேலையைச் சொன்னாளா, தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். "நீங்க சொன்னது நன்னாயி கேட்டோ. இப்போ கீழ பச்சக்காயே வர்றதில்ல" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். என் தோழி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஜீப்பில் அவள் அந்தப் பெண் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள். "நீயா சொன்ன?"

"ஆமா."

"ஏண்டி? அவ ஒன்னய என்னா பண்ணுனா?"

"நீ எங்கிட்ட ஒரு வரிகூடக் கேக்குறதில்ல இப்பல்லாம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அத எங்கிட்டல்ல சொல்லியிருக்கணும். சூப்பர்வைசர்கிட்டயா போயிச் சொல்லுவ?" குடம் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை அடைக்கவில்லை. "ஒங்கூட இருக்கயில நான் பாடுவேன், நீ கேப்ப. அவ கூடப் பாடுனப்பத்தான்டி எனக்கே என் கொரல் கேட்டுச்சு. அது தப்பா?"

தப்பில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல் அப்படித் தைத்தது. பதினெட்டு வருஷம் நான் வரி எடுத்துக் கொடுத்தேன். அவளுக்குத் தேவைப்பட்டது இன்னொரு குரல். அது என்னிடம் இல்லை. இனிமேலும் வராது.

மறுநாள் காலை சூப்பர்வைசரிடம் போய், "நான் சொன்னது பொய்யி சார். அந்தப் பிள்ளைய கீழயே விட்டுருங்க" என்றேன். "எந்தினா பொய் சொன்னது?" என்று அவர் காரணம் கேட்டார். "இன்னைக்கே எறக்கி விட்டுருங்க சார்" என்றேன். "செரி. எனக்கு மேல ஒராள் வேணும். நீங்க போங்க" என்றார்.

போனேன். இருபது நாள். துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு டிரம்மில் தண்ணீர் கலக்கினேன். தலைவலி என்றால் என்ன என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளை நான் எங்கே அனுப்பினேன் என்பதும்.

முதல் இரண்டு நாள் கீழே சத்தமில்லை. மூன்றாம் நாள் பத்து மணி வாக்கில் மஞ்சு மூட்டம் விலகியபோது பாட்டு மேலே வந்தது. ஒருத்தி ஏற்றினாள், ஒருத்தி இறக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது எனக்கு அது இரண்டு பேருடைய பாட்டாகவே கேட்டது. மேலிருந்து கேட்டால் ஒரே ஆள் மூச்சு விடாமல் பாடுவது போல இருந்தது. மருந்தடிக்கிற ஆள் ஒருவர் பம்பை நிறுத்திவிட்டு, "யாரு பாடுறா? நல்லா பாடுதுகளே" என்றார். "என் சிநேகிதி" என்றேன். மற்றவளைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை.

என்னை மறுபடி கீழே இறக்கியபோது என் செடி எனக்கே இருந்தது. என் தோழி மூன்று நாள் பேசாமல் இருந்தாள். நாலாம் நாள் வெற்றிலையைக் கிள்ளி நீட்டினாள். அந்தப் பெண் என்னைப் பார்த்து எப்போதும் போலச் சிரித்தாள். அவளுக்கு விஷயம் தெரியுமா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்க என்னிடம் தைரியமும் இல்லை, ஹிந்தியும் இல்லை.

பிப்ரவரியில் காய் முடிந்ததும் அவள் ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் வரவில்லை, குழந்தை பிறந்திருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் தோழிக்கு வீடியோ கால் வரும். நானும் வாசலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். குழந்தையைக் காட்டுவாள், நான் கையசைப்பேன். பிறகு அவர்கள் பாட ஆரம்பிப்பார்கள்.

ஆனால் எங்கள் மலையில் டவர் சரியில்லை. இவள் ஏற்றினால் அங்கே போய்ச் சேர ஒரு நொடி ஆகிறது. அவள் இறக்குவது இங்கே வர இன்னொரு நொடி. ஒருத்தி மேல் ஒருத்தி இடித்துக்கொண்டு, தாளம் தப்பி, கடைசியில் இருவரும் சிரித்து நிறுத்திவிடுகிறார்கள். "சேரவே மாட்டேங்குதேடி" என்று என் தோழி வருத்தத்தோடு என்னைப் பார்க்கிறாள். "ஆமா, டவர் கெடைக்கல" என்று நானும் முகத்தைச் சுருக்கிக்கொள்கிறேன்.

உள்ளுக்குள் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.